சருவச்சட்டியின் அடிப்புறம்

நிமிர்த்தி வைத்த பாத்திரம் எதையும் நம்பாத ஒருவரோடு ஒன்பது ஆண்டுகள் பணியாற்றும் பேறு எனக்கு வாய்த்தது. தேநீர் கொடுத்தால் பருகி முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்ப்பார். திருமண விருந்துகளில் பந்தி முடியுமுன்னரே சமையற்கூடத்துக்குள் நுழைந்து, கழுவிக் கவிழ்த்த கிடாரங்களை ஒவ்வொன்றாகப் பார்வையிடுவார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தவர், என் மனைவி கொண்டுவந்து வைத்த தட்டத்தை உளுந்துவடைகளோடு தலைக்குமேல் உயர்த்தி அண்ணாந்து நோக்கினார். ஒரு வடையும் சரியவில்லை.

"தங்கச்சி, இது உங்கடை தட்டம் இல்லை. வேறை பேர் கிடக்கு" என்றார்.

என் மனைவிக்கு நாணமும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. முந்திய ஆண்டு ஏதோ ஒரு பிறந்தநாளுக்கு எவரோ பலகாரம் கொண்டுவந்த தட்டம் அது. கொண்டுவந்தவர் யார் என்பது எங்கள் நினைவிலிருந்து முற்றாக அகன்றிருந்தது. வடைகளை வேறொரு தட்டுக்கு மாற்றுவித்து, அவற்றுள் நான்கை உண்டு, தட்டத்தைத் துணிப்பையில் இட்டுக்கொண்டு அவர் புறப்பட்டார். மறுநாள் மாலை தொலைபேசியில் அழைத்து, உரியவரிடம் சேர்த்துவிட்டதாக அறிவித்தார். வெறுந்தட்டமாகக் கொடுக்கலாகாது என்பதால் எங்கள் பெயரால் ஆறு வாழைப்பழங்களை வைத்துக் கொடுத்தாராம்.

அவர் மன்னார்க் கரையிலிருந்து ஏதிலியாக ஹம்பேர்க்குக்கு வந்தவர். இப்போது டார்ம்ஸ்டாட்டில் மகளோடு வாழ்கிறார். வயதில் மூத்தோர், இளையோர் அனைவருக்கும் அவர் 'அக்கா'தான். முன்னொரு காலத்தில் கற்பித்த குற்றத்துக்காக நான் அவருக்கு 'மாஸ்டர்'.

கத்தோலிக்கத் தமிழர் ஆண்டுதோறும் எடுக்கும் மாதா திருவிழாவில் ஆயிரம் பேருக்குச் சமைப்பார்கள். அதற்கான பெரும்பாத்திரங்கள் நாற்பது ஐம்பது வீடுகளிலிருந்து இரவலாக வரும். அவற்றைத் திரும்பச் சேர்ப்பிக்கும் பொறுப்பை எவரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. அவர் தாமே எடுத்துக்கொண்டார். நம்மவர் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கத்தை நான் வேறெந்த நோக்கிலும் எண்ணிப் பார்த்ததில்லை. பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது கடைக்காரர் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுப்பார், அவ்வளவே. அக்காவுக்கோ அது ஒரு முகவரி. பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார். ஆள் இருந்தால் அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

திருவிழாவுக்கு மறுநாள் அவரை எஸ்-பான் தொடருந்தில் கண்ட காட்சியை நான் மறவேன். இரண்டு இருக்கைகளை நிரப்பிய செப்புக் கிடாரம் ஒன்று அவர் மடிமீது கவிழ்ந்திருந்தது. எதிரே இருந்த செருமானிய மூதாட்டி, இது என்ன இசைக்கருவி என்று பணிவோடு வினவினார். அக்கா மறுமொழி கூறாமல் அடிப்புறத்தில் இரு விரல்களால் தட்டிக் காட்டினார். நல்ல நாதம் எழுந்தது. மூதாட்டியும் தட்டினார். அடுத்த மூன்று நிறுத்தங்கள் வரையில் இருவரும் மாறி மாறித் தட்டிக்கொண்டே வந்தனர். அந்த அம்மையார் இறங்கும்போது, தாம் பல காலமாக இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்று சொல்லிச் சென்றார்.

இத்தகைய ஒருவரை அருங்காட்சியகத்தின் பித்தளைக் கூடத்துக்குக் காவலாக நிறுத்தினார்கள்.

அது சிறிய அருங்காட்சியகம். காப்பிக்கொட்டை வணிகர் ஒருவர் கீழைநாடுகளில் வாங்கிச் சேர்த்தவற்றைத் தம் மாளிகையோடு நகருக்கு விட்டுச்சென்றிருந்தார். பீங்கான் கூடத்துக்கு நான் காவல், அடுத்த கூடத்துக்கு அக்கா. இரண்டுக்கும் நடுவே கதவற்ற வாயில். அவர் கூடத்தில் இருந்தவை இருபத்துமூன்று கலங்கள்: எகிப்திலும் சிரியாவிலும் மோசுலிலும் இடைக்கால இசுலாமியக் கம்மியர் செய்தவை. விளக்குத்தண்டுகள், நீர்க்கெண்டிகள், தூபக்கலங்கள், எழுதுகோற் பெட்டிகள். பித்தளையில் சித்திரம் கீறி, கீறிய பள்ளத்தின் விளிம்பை உட்புறமாகக் குடைந்து, மெல்லிய வெள்ளித் தகட்டை அதனுள் அடித்து இறுக்கியிருப்பார்கள். இடைவெளிகளைக் கரிய மெழுகு நிரப்பும். பொன்னிறம், வெண்மை, கருமை மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும். விளக்கொளி சற்றே அசைந்தாலும் கொடிகள் படர்வதுபோலவும் வாத்துகள் பறப்பதுபோலவும் தோன்றும்.

அக்கா முதல்நாளே எல்லாவற்றுக்கும் குடும்பப் பெயர் சூட்டிவிட்டார். மூக்குள்ள கெண்டி, மூக்குப்பேணி. தூபக்கலம், சாம்பிராணிச் செப்பு. கூடத்தின் நடுவே கண்ணாடிப் பேழையொன்றில், கண்ணாடித் தட்டின்மீது தனியாக வீற்றிருந்த அகன்ற கைகழுவும் கலம், அந்த அருங்காட்சியகத்தின் தலையாய செல்வம், சருவச்சட்டி. அதன் வெளிப்புறத்தைச் சுற்றி வேல் வரிசைபோல் நெடிய அரபு எழுத்துகள் ஓடின. உட்புறத்தின் அடியில் மீன்கள் வட்டமிட்டுச் சுழன்றன. நீர் வார்த்தால் அவை உயிரோடு நீந்துவதுபோல் தோன்ற வேண்டும் என்பது கம்மியரின் எண்ணம்.

அந்த மீன்களை இனங்காண அவருக்கு இரண்டு கிழமை பிடித்தது. ஓராவா, விளையா, திரளியா என்று தம்முள் வாதிட்டு, ஈற்றில் என்னை வாயிலருகே அழைத்துத் தீர்ப்பு வழங்கினார்.

"இது செய்தவன் கடலைக் கண்டவன் இல்லை, மாஸ்டர். ஒரு மீனின்ரை கண்ணிலையும் பயம் இல்லை. வளர்த்த மீன்."

மீன்கள் ஒருபுறம் இருக்க, அவருக்குப் பெரும் வேதனை அளித்தது வேறொன்று. கவிழ்த்துப் பார்க்க முடியாத இருபத்துமூன்று கலங்களுக்கு நடுவே நாள்தோறும் ஏழு மணிநேரம் நிற்க வேண்டியிருந்தது. சருவச்சட்டி மட்டுமே கண்ணாடித் தட்டில் இருந்தமையால் ஓர் உபாயம் கண்டார். சீருடையோடு பேழையருகே குந்தி, கழுத்தைச் சாய்த்துக் கீழிருந்து பார்த்தார். காவலரே குந்துவதைக் கண்ட பார்வையாளர்கள், அங்கே ஏதோ சிறப்பு உண்டென்று கருதித் தாமும் குந்தினார்கள். பள்ளி மாணவர் குழு ஒன்று அரைமணி நேரம் எழவில்லை. எமக்கான விதியோ மிகத் தெளிவு: காவலர் நிற்க வேண்டும், விளக்கம் கூறலாகாது. கழிப்பறை எங்கே என்ற வினாவுக்கு மட்டும் விடையிறுக்கலாம்.

"பேர் ஒண்டு கீறிக் கிடக்கு" என்று ஒருநாள் என்னிடம் வந்து சொன்னார். நானும் முழங்கால் வலியோடு குந்திப் பார்த்தேன். பச்சை படிந்த பித்தளையில் சில சிறு கீறல்கள் தெரிந்தன. துலக்கியபோது மணல் பட்டிருக்கும் என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு நோக்கினார்.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் அருங்காட்சியகத்துக்கு ஆதரவு நல்கும் பெருமக்கள் குழு வந்தது. காப்பாட்சியரான அம்மையார் அவர்களைத் தாமே அழைத்து வந்து, சருவச்சட்டியின் எழுத்துகளைப் படித்துக் காட்டினார்: மேன்மை தங்கியவர், பெருந்தலைவர், கற்றறிந்தவர், நீதி தவறாதவர், எல்லைகளைக் காப்பவர். நெடிய எழுத்துகள் கலத்தை முழுதாகச் சுற்றி வந்து முடிந்தன. இவ்வளவு பட்டங்கள் இருந்தும் அத்தலைவரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை என்றும், இக்காலக் கலங்களில் இது இயல்பென்றும் அவர் கூறினார்.

அப்போது அக்கா, வகுப்பறையில் மாணவி உயர்த்துவதுபோல் கையை உயர்த்தினார். தமக்குத் தெரிந்த செருமன் மொழியில், தெளிவாகவும் சற்று உரக்கவும் கேட்டார்: "அப்படியானால் இது யாருடையது? அவர்கள் இதைத் தேடி வரவில்லையா?"

பிறநாட்டுப் பொருள்களை அவ்வந்நாடுகள் திருப்பிக் கேட்கும் இக்காலத்தில் அருங்காட்சியகங்களில் அந்த வினா எத்தகைய வெடிமருந்து என்பதை அவர் அறியார். இரவல் வாங்கித் திருப்பிக் கொடாத வீட்டில் கேட்பதையே அங்கும் கேட்டார். பெருமக்களுள் ஒருவர், இஃது ஏதேனும் போராட்டமா என்று அண்டை நின்றவரிடம் மெல்ல வினவினார். இன்னொருவர் கைதட்டினார். மூன்றாமவர் வீட்டுக்குச் சென்று முறைப்பாட்டுக் கடிதம் எழுதினார்.

காலம் பொல்லாதது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட்டு வந்த அக்காவின் பணியொப்பந்தம் மறுமாத இறுதியில் முடிவடைய இருந்தது. இம்முறை அதை நிலையானதாக்குவதாக முன்னரே சொல்லியிருந்தார்கள். கடிதத்தின் விளைவாக அது நின்றது. காவலர் மேற்பார்வையாளர் அக்காவுக்கு ஒரு சந்திப்பு நேரம் குறித்தார்.

"டெர்மின் தந்திருக்கினம், மாஸ்டர். வேலை ஃபெர்ட்ராக்கைப் பற்றித்தானாம். நீங்களும் வாங்கோ. எனக்குக் கோவம் வந்தா டொச் பாஷை வராது."

மேற்பார்வையாளர் தீயவர் அல்லர். ஒழுங்கை நேசிக்கும் பருத்த மனிதர். மேசைமீது இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நிலையான ஒப்பந்தம். மற்றது ஓர் உறுதிமொழி: பார்வையாளர் முன்னிலையில் காட்சிப்பொருள்களின் உடைமை பற்றி இனி வினவமாட்டேன் என்பது. இரண்டாவதில் கையொப்பமிட்டால் முதலாவதில் தாம் கையொப்பமிடுவதாகக் கூறினார். காப்பாட்சியரும் ஓரமாக அமர்ந்திருந்தார்.

அக்கா உறுதிமொழியை முழுமையாகப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தார். பின்னர் என்னிடம் சொன்னார்: "கேட்டதுக்குப் பதில் வராமல், கேக்கமாட்டன் எண்டு எழுத எனக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோ."

அவர் வேலையை எண்ணி நான் அஞ்சினேன். இதைச் சற்று எண்ணிப் பார்க்க அவகாசம் வேண்டுகிறார் என்று மொழிபெயர்த்தேன்.

"மாஸ்டர், நான் உப்பிடிச் சொல்லேல்லை" என்றார் அக்கா.

நான் நாணித் தலைகுனிந்து, அவர் சொன்னவாறே சொன்னேன். மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டார். காப்பாட்சியர் நாற்காலியை முன்னே நகர்த்தி, அந்தக் கலத்தை அருங்காட்சியகம் எங்கோ திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அக்காவின் கருத்தா என்று மென்மையாகக் கேட்டார்.

அக்கா இதற்குத் தமிழிலேயே விடையளித்தார், கண்களைக் காப்பாட்சியரிடமிருந்து எடுக்காமல். "குடுக்கிறது எடுக்கிறது பிறகு. முதல் ஆற்றை சாமான் எண்டு தெரியவேணும். நான் வெளிக்கிடேக்குள்ளை என்ரை சீதனக் குடம் மூண்டையும் விட்டிட்டு வந்தனான். எங்கையோ ஒரு வீட்டிலை அது தண்ணி அள்ளிக்கொண்டு இருக்கும். இருக்கட்டும், எனக்குத் திருப்பித் தரவேண்டாம். ஆனா துலக்கிறவள் ஒருக்கால் கவிட்டுப் பார்த்து, இது இன்னாற்றை எண்டு வாசிச்சாளெண்டா போதும். இஞ்சை ஒருத்தி பேர் எழுதி வைச்சிருக்கிறாள். ஒருத்தரும் வாசிக்கேல்லை."

இம்முறை நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. காப்பாட்சியர், "ஒருத்தியா? பெண் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அக்கா எழுந்தார். நால்வரும் கூடத்துக்குச் சென்றோம். பேழையருகே அக்கா குந்தினார், காப்பாட்சியர் குந்தினார், நான் குந்தினேன். மேற்பார்வையாளர் பேழையின் விளிம்பைத் தொடலாகாது என்ற விதியை மறந்து, அதைப் பற்றிக்கொண்டு மெல்லத் தாழ்ந்தார். கைப்பேசியின் ஒளியில் அந்தக் கீறல்கள் தெரிந்தன.

"வெளியாலை பாருங்கோ" என்றார் அக்கா. "ஆம்பிளையின்ரை பட்டம் ஒரு விரல் இடம் விடாமல் சுத்திப் பிடிச்சுப் போட்டுது. பிறகு அவளுக்கு எங்கை இடம்? அடியிலைதான்."

நான் மொழிபெயர்த்ததும் காப்பாட்சியர் சிரித்தார். குந்தியிருந்தவாறே சிரித்தமையால் நிலைதடுமாறி, தரையிலேயே அமர்ந்துவிட்டார். பழைய பட்டியலில் 'அடிப்புறத்தில் பயன்பாட்டுக் கீறல்கள்' என்று எழுதியிருப்பதாகவும், தாம் பீங்கான் கற்றவர் ஆகையால் அதை அப்படியே நம்பியதாகவும் ஒளிக்காமல் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை, அருங்காட்சியகம் மூடியிருக்கும் நாளில், பேழையைத் திறந்தார்கள். எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். காப்பாட்சியர் கையுறை அணிந்து சருவச்சட்டியைத் தூக்கி, மெத்தை விரித்த மேசைமீது மெதுவாகக் கவிழ்த்தார். அக்காவின் கைகள் தொடாமலே அதனோடு கூடச் சென்றன, குழந்தையைப் பிறர் கையில் கொடுக்கும் தாயின் கைகளைப்போல. விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒளிப்படங்கள் எடுத்தார்கள். சாய்ந்த ஒளியில் கீறல்கள் எழுத்துகளாக எழுந்து நின்றன. வேல் வரிசையின் கம்பீரம் அவற்றுக்கு இல்லை. வீட்டு ஆணி ஒன்றால், பழகாத கை ஒன்று, அவசரமின்றிக் கீறிய எழுத்துகள். படங்களை அரபுக் கல்வெட்டு கற்ற அறிஞர் ஒருவருக்கு அனுப்பினார்கள்.

விடைக்குக் காத்திருந்த நாள்களில் ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு கிழமைகளே எஞ்சியிருந்தன. நான் உறக்கம் கெட்டேன். அக்கா பற்றீஸ் பலகாரம் சுட்டு, அடியில் தம் பெயர் ஒட்டிய நெகிழிப் பெட்டியில் மேற்பார்வையாளருக்குக் கொண்டுவந்தார். இது கையூட்டாகக் கருதப்படும் என்று நான் எச்சரித்தேன்.

"மனுசன் மத்தியானம் பாணும் வெண்ணையும்தான் தின்னுறார். அதுக்கும் ஃபெர்ட்ராக்குக்கும் என்ன சம்பந்தம்?"

மேற்பார்வையாளர் பெட்டியைக் கழுவித் துடைத்து மறுநாள் மிகுந்த நன்றியோடு திருப்பினார். அக்கா அதைத் திறந்து பார்த்து, வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது எங்களிடையே சண்டைக்கு அழைப்பதற்கு ஒப்பாகும் என்று அவருக்குச் செருமன் மொழியில் பாடம் நடத்தினார். கோபம் இல்லாததால் மொழி நன்றாகவே வந்தது. ஒப்பந்தத்தைத் தம் கையில் வைத்திருந்த அம்மனிதர் காது சிவக்க மன்னிப்புக் கேட்டுப் பெட்டியை மீண்டும் வாங்கிச்சென்று, அடுத்த நாள் தம் தோட்டத்து ஆப்பிள்களால் நிரப்பிக் கொண்டுவந்தார்.

ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று நாள் இருக்கையில் அறிஞரின் விடை வந்தது. எங்களை மீண்டும் அழைத்தார்கள். அதே அறை, மேசைமீது அதே இரண்டு தாள்கள். காப்பாட்சியர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமரவும் மறந்து நின்றார்.

கீறல்கள் எழுத்துகளே என்று அறிஞர் உறுதிசெய்திருந்தார். முதற்சொல் 'உடைமை' என்பது. அடுத்த சொல் ஓர் ஆளின் பெயர், ஆனால் பலகாலம் துலக்கியதில் அது தேய்ந்துபோயிற்று. மூன்றாவது சொல் ஐயமின்றித் தெளிவாக இருந்தது: 'பின்த்'. மகள் என்பது அதன் பொருள். நான்காவது அவள் தந்தையின் பெயர், அதுவும் தேய்ந்திருந்தது. நூற்றாண்டுகளைக் கடந்து எஞ்சியவை இரண்டே சொற்கள்: உடைமை, மகள்.

"ஓம்" என்றார் அக்கா. கண்கள் கலங்கியிருந்தன, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. பின்னர் அந்தப் பெண்ணையே கடிந்துகொண்டார்: "இவ்வளவு தேய்ச்சு மினுக்கியிருக்கிறாள், விசரி. தன்ரை பேர் போறதையும் பார்க்கேல்லை."

விளக்கப் பலகையை மாற்றப்போவதாகக் காப்பாட்சியர் சொன்னார். பெயரறியாத் தலைவர் ஒருவருக்காகச் செய்யப்பட்டது என்ற வரியின் கீழே, பின்னர் ஒரு பெண்ணின் உடைமை என்று சேர்க்கப்படும். கலத்தின் அடியில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியும் வைக்கப்படும், எவரும் குந்த வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் இதைப் பெரிதும் வரவேற்றார். பின்னர் தொண்டையைச் செருமிக்கொண்டு உறுதிமொழித் தாளை மெல்ல முன்னே நகர்த்தினார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, இனியாவது கையொப்பமிடுவாரா என்று அவர் கேட்டது ஏறத்தாழ வேண்டுகோளாகவே ஒலித்தது.

அக்கா பேனாவை எடுத்தார். எடுத்தவர் என்னைப் பார்த்தார்.

"வைக்கிறன் எண்டு சொல்லுங்கோ, மாஸ்டர். இந்தச் சட்டியைப் பற்றி இனி நான் வாய் திறக்கமாட்டன். அதான் ஆற்றை எண்டு தெரிஞ்சு போச்சே. ஆனா மற்ற இருபத்திரண்டைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. மறைக்காமல் சொல்லுங்கோ."

மறைக்காமல் சொன்னேன். மேற்பார்வையாளர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உறுதிமொழியை எடுத்து, 'காட்சிப்பொருள்கள்' என்ற சொல்லை ஒரே கோட்டால் அடித்து, அதன்மேல் 'நடுப்பேழையிலுள்ள கலம்' என்று தம் கையால் எழுதினார். எழுதி முடித்து, ஒப்பந்தத்தில் தாமே முதலில் கையொப்பமிட்டு அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

காப்பாட்சியர் தம் நாட்குறிப்பைத் திறந்து, அடுத்த திங்கட்கிழமையும் அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்றார்.